தொப்பிக்காரரிடம் சொன்ன பொய்

1

ஜூன் மாதம் பிறந்தால் இந்த ஊர்ப் பத்திரிகையில் ஒரு பக்கம் முழுக்கப் பொடி எழுத்தில் பெயர்கள் வரும். இங்கே பேஸ்பால் என்று ஓர் ஆட்டம் உண்டு. கல்லூரிகளில் அதை நன்றாக ஆடுகிற பிள்ளைகளைப் பெரிய குழுக்கள் முறை வைத்து, சுற்றுச் சுற்றாக எடுத்துக்கொள்வார்கள். அப்படி எடுக்கப்பட்டவர்களின் பெயர்தான் அந்தப் பக்கம். இன்று காலையும் வந்திருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசிப் பெயர் வரை படித்தேன். யார் யார் பெற்ற பிள்ளைகளோ. ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் போன் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்த ஒரு அம்மா இருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால், என் மகன் சங்கர் பெயர் அந்தப் பக்கத்தில் வருமா வராதா என்று பிப்ரவரி தொடங்கி மே முடிய எங்கள் வீட்டில் வேறு பேச்சே கிடையாது. வர வேண்டிய அந்தப் பெயர் வராமலே போய்விடக்கூடிய ஒரு காரியத்தை நான் செய்துவிட்டேன். பிள்ளை நன்றாயிருக்க வேண்டும் என்றுதான் செய்தேன். திருநெல்வேலிப் பக்கத்துத் தாய்மார் யாராக இருந்தாலும் என் இடத்தில் அதையே செய்திருப்பார்கள். இங்கே உள்ளவர்களுக்கு அதை விளக்கிச் சொல்ல முடியவில்லை. உங்களுக்குச் சொன்னால் புரியும்.

வாயால் சொல்லச் சொன்னால் எனக்கு வராது. நாலு பேர் கூடினால் அடுப்படிக்குப் போய்விடுகிற ஆள் நான். படித்தது ஐந்தாம் வகுப்பு. எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை என்பதால் எழுதுகிறேன்.

2

எங்களுக்குத் திருநெல்வேலி டவுண். என் வீட்டுக்காரர் அங்கே ஒரு நூல் ஆலையில் ஃபிட்டராக இருந்தார். ஆலைக்கு வெளிநாட்டு இயந்திரம் வந்தபோது அதைப் பூட்ட வந்தவர்களுக்கு இவர் கைவேலை பிடித்துப்போய், எங்கள் கம்பெனிக்கு வாரும் என்று கூப்பிட்டார்கள். அப்படித்தான் அமெரிக்காவில், வட கரோலினாவில் இந்தச் சின்ன ஊருக்கு வந்தோம். வரும்போது சங்கருக்கு ஐந்து வயது, எனக்கு நாற்பத்தாறு. பள்ளிக்கூடத்தில் விடப் போனால், ‘பாட்டி வந்திருக்கிறார்’ என்று டீச்சர் சொல்லுவாள். நான் தலையாட்டிவிட்டு வந்துவிடுவேன்.

இந்த ஆட்டத்தில் ஒருவன் மண்மேட்டில் நின்று பந்தை எறிவான், எதிரில் ஒருவன் கட்டையால் அதை அடிக்கப் பார்ப்பான். எறிகிறவனை வைத்துத்தான் ஆட்டமே நடக்கிறது. என் மகன் எறிகிறவன். அதுவும் இடது கையால். சாப்பிடுவதும் எழுதுவதும் வலது கை, அதை நான் அடித்துப் பழக்கினேன். எறிவதை என்னால் மாற்ற முடியவில்லை. பிறகு பார்த்தால் இந்த ஊரில் இடது கையால் வேகமாக எறிகிறவனைத் தேடி அலைகிறார்கள்.

அப்படித் தேடி அலைகிறவர்களுக்கு அதுதான் உத்தியோகம். கல்லூரி கல்லூரியாகப் போய், எறிகிற பையன்களைப் பார்த்துக் குறிப்பெழுதி, எவனை எடுக்கலாம், எவனை விடலாம் என்று தங்கள் குழுவுக்குச் சொல்ல வேண்டும். முதல் தடவை நான் மைதானத்துக்குப் போனபோது அவர்களில் ஒருவர் துப்பாக்கி மாதிரி ஒன்றை என் மகனுக்கு நேராக நீட்டினார். நான் இருக்கையை விட்டு எழுந்துவிட்டேன். பந்தின் வேகத்தைக் காட்டுகிற கருவி என்று என் வீட்டுக்காரர் விளக்கிச் சொன்ன பிறகும் அது தாழும் வரை நான் உட்காரவில்லை.

அவர்தான் தொப்பிக்காரர். பெயர் தெரியும், எழுத வேண்டாம். ஓலையில் முடைந்த மாதிரி ஒரு தொப்பி வைத்திருப்பார். சங்கர் கல்லூரியில் சேர்ந்த முதல் வருடத்திலிருந்தே வந்துகொண்டிருந்தார். அந்த வருடம் பந்தின் வேகம் எண்பத்து மூன்று மைல். மூன்றாம் வருடம் தொண்ணூறு. முன்பு கையை மட்டும் வைத்து எறிந்தான், இப்போது காலிலிருந்து எறிகிறான் என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லுவார். நானும் பார்த்திருக்கிறேன். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் ஏற்றும்போது காலை ஊன்றி எழும்புவோமே, அந்த மாதிரி அவன் உடம்பு கீழிருந்து எழும்பி வரும்.

நான் ஆட்டத்தைப் பார்ப்பதைவிட எண்ணுவதுதான் அதிகம். கட்டைவிரலால் விரல் கணுக்களைத் தொட்டுத் தொட்டு, பன்னிரண்டு பன்னிரண்டாக அவன் எத்தனை பந்து எறிந்தான் என்று எண்ணிக்கொண்டே இருப்பேன். கை சும்மா இருந்தால் பயம் வந்துவிடும். ஒருநாள் தொப்பிக்காரர் அதைப் பார்த்துவிட்டார். ஆட்டம் முடிந்து படியிறங்கும்போது என்னைப் பார்த்து, “எத்தனை அம்மா?” என்றார். எண்பத்து நாலு என்று இங்கிலீசில் சொன்னேன். அவர் கையிலிருந்த எண்ணும் மிஷினைத் திருப்பிக் காட்டினார். எண்பத்து நாலு. தொப்பியைத் தொட்டு ஒரு கும்பிடு மாதிரி போட்டார். அன்றிலிருந்து எங்கே பார்த்தாலும் என்னிடம் கணக்குக் கேட்பார். மூன்று வருடத்தில் ஒரு தடவைகூட நான் தப்பாகச் சொன்னதில்லை.

நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவர் நம்பியது இப்படித்தான்.

3

மூன்றாம் வருடம் மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தொப்பிக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒரு பையனை எடுக்கலாம் என்று தோன்றினால் வீட்டுக்கு வந்து தாய் தகப்பனைப் பார்ப்பார்களாம். பையன் இன்னும் எவ்வளவு வளருவான் என்று அப்பாவின் தோளைப் பார்த்துக் கணிப்பார்களாம். என் வீட்டுக்காரர் குள்ளம். என் அண்ணன்மார் ஆறடி என்று சொல்லி அவர்கள் போட்டோவைக் காட்டினோம்.

தட்டையும் காப்பியும் கொடுத்தேன். தட்டையைக் கடித்துவிட்டு, இது பல்லால் கடிக்கவா, பந்தாக எறியவா என்று சிரித்தார். பிறகு சங்கரின் இடது கையை வாங்கி, விரல் விரலாக நீளம் பார்த்தார், மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார், நடக்கச் சொல்லிப் பார்த்தார்.

என் வீட்டுக்காரர் அடுப்படிக்கு வந்து மெல்லச் சொன்னார்: “ஏளா, சந்தையில மாடு பார்க்குத மாதிரில்லா பார்க்குதான். பல்லத்தான் இன்னும் பிடிச்சுப் பார்க்கல.”

“சும்மா இருங்க, அவருக்குக் கேட்டுரப் போவுது.”

“கேட்டா என்ன, அவனுக்குத் தமிழா தெரியும்? அடுத்தாப்ல சுழி பார்ப்பான் பாரு.”

ஒரு படிவம் கொடுத்தார். உயரம், எடை, சின்ன வயதில் வந்த நோய், உடைந்த எலும்பு என்று வரிசையாகக் கேள்விகள். என் வீட்டுக்காரர் வாசித்து எழுதிக்கொண்டு வந்தார். உடன்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று ஒரு கட்டம் இருந்தது. அவர் பேனா நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். அவர் பூஜ்யம் போட்டார்.

சங்கருடைய பள்ளிக்கூடத்துக் கோப்பைகளை எடுத்துவந்து காட்டுகிறோம் என்று அப்பாவும் மகனும் மாடிக்குப் போனார்கள். கூடத்தில் தொப்பிக்காரரும் நானும் மட்டும். எனக்கு எழுந்து போகவும் தெரியவில்லை, உட்கார்ந்திருக்கவும் முடியவில்லை. அவர் சும்மா இருக்கக் கூடாது என்று பேச்சுக் கொடுத்தார்.

“உங்கள் மகனைப் போல ஒரு கையை நான் இந்த வருடம் பார்க்கவில்லை, அம்மா.”

வேண்டாம் என்கிற மாதிரி தலையை ஆட்டினேன். அவர் நிறுத்தவில்லை.

“ஒரு நாள்கூட நோய் நொடி என்று படுத்ததில்லையாம். குதிரை மாதிரி உடம்பு. இப்படி ஒரு பிள்ளையைப் பெற்றதற்கு உங்களுக்கு எவ்வளவு பெருமையாக இருக்கும்!”

மூன்று தடவை. பெற்ற தாயின் முகத்துக்கு நேரே, பிள்ளை அதே கூரைக்குக் கீழே நடமாடும்போது. அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். நல்ல மனதோடு சொன்னாலும் கண் கண்தான். இங்கிலீசு எனக்குக் காதில் ஏறும், நாக்கில் இறங்காது. அன்றைக்கு எங்கிருந்தோ இறங்கியது. உடைந்த இங்கிலீசில் நான் சொன்னது இதுதான்: “இல்லை, இல்லை. பலமெல்லாம் இல்லை. எப்போதும் சீக்குதான். சாப்பிட மாட்டான். கை வலி. சின்னதிலிருந்தே கை வலி. ஆட்டம் முடிந்தால் ஐஸ் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.”

ஊரில் இப்படிச் சொன்னால் கேட்கிறவள் சிரித்துக்கொள்வாள். ‘ஆமா, உம் பிள்ளை சீக்காளிதான்’ என்று அவளும் கூடச் சேர்ந்து சொல்லுவாள். அதோடு கண் கழிந்தது. தொப்பிக்காரர் சிரிக்கவில்லை. காப்பியைக் கீழே வைத்தார். “எந்த இடத்தில் வலி? முழங்கையா, தோளா?” என்று கேட்டார். நான் முழங்கையைத் தொட்டுக் காட்டினேன். அவர் சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து எழுதினார். நன்றி அம்மா என்றார்.

அவர் போன பிறகு எனக்கு மனசு லேசாக இருந்தது.

4

சங்கருக்கு முன்னால் எனக்கு ஒரு பிள்ளை இருந்தான். முத்துக்குமார். படிவத்தில் பூஜ்யம் என்று எழுதப்பட்டவன் அவன்தான்.

அவனுக்கு மூன்று வயது நடந்தது. குறுக்குத்துறையில் ஆற்றுக்குக் குளிக்கக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். தலை துவட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசிப் படியில் உட்கார்த்தியிருந்தேன். துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு அக்கா, எனக்குப் பழக்கமில்லாதவர், அவனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: “ஏ அம்மா, பிள்ளை கோயில் வெளக்கு மாதிரில்லா இருக்கான்! யாரு ஜாடை?”

நான் சிரித்துக்கொண்டே, “ஆமாக்கா. எங்க அப்பா ஜாடை” என்றேன்.

அன்று சாயங்காலம் காய்ச்சல். மூன்றாம் நாள் இல்லை. மூளைக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அது சரியாகத்தான் இருக்கும். அந்த அக்கா மேல் எனக்கு ஒரு நாளும் கோபம் வந்ததில்லை. அவர் சொன்னது வாயில் வந்த நல்ல வார்த்தை. நான் சொன்ன அந்த ‘ஆமா’தான் என்னை இத்தனை வருடமும் அறுக்கிறது. தலையைக் குனிந்துகொண்டு, ‘அட போங்கக்கா, ராத்திரியெல்லாம் இருமுதான்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன? ஆமா என்றேன். அப்பா ஜாடை வேறு.

அதன் பிறகு எட்டு வருடம் கழித்துத்தான் சங்கர் பிறந்தான். அவனைப் பற்றி யார் நல்ல வார்த்தை சொன்னாலும் நான் ஆமா சொன்னதில்லை. பள்ளிக்கூடத்தில் டீச்சர் பாராட்டினார் என்று அவன் அப்பா வந்து சொன்னால், வீட்டில் ஒன்றும் படிப்பதில்லையே என்பேன். ஊரிலிருந்து போனில் யாராவது உயரமாக வளர்ந்துவிட்டானாமே என்றால், உயரம் மட்டும்தான் என்பேன். அவன் அதைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தான். ஒரு வயதுக்குப் பிறகு என்னைத் திருத்துவதை விட்டுவிட்டான். பரிசு வாங்கினால் என்னிடம் சொல்வதையும் விட்டுவிட்டான். அப்பாவிடம் இங்கிலீசில் சொல்லுவான். மேஜையில் எனக்கு எதிரில் உட்கார்ந்து, நான் இல்லாத மாதிரி.

5

வீட்டுக்கு வந்து போன பிறகு தொப்பிக்காரர் ஆட்டத்துக்கு வரவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம். அவர் உட்காருகிற இடம் காலியாகவே கிடந்தது. வேறு பையன்களைப் பார்க்கப் போயிருப்பார் என்று சங்கர் முதலில் சொன்னான். ஏப்ரல் கடைசியில் ஒருநாள் கல்லூரி விடுதியிலிருந்து வீட்டுக்கு வந்தவன், செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்றான். முகம் சிவந்திருந்தது.

“அப்பா, என் கை வலிக்குன்னு யாரோ அந்த ஆள்கிட்ட சொல்லிட்டாங்க. கோச் இன்னைக்குத்தான் சொன்னார். அவரோட லிஸ்ட்ல முதல் பத்துச் சுற்றுக்குள்ள இருந்தேனாம். இப்ப எடுத்துட்டாராம்.”

“உனக்குக் கை வலி இருக்காலே?”

“இல்லப்பா! போன வாரம் கோச் டாக்டர்கிட்ட அனுப்பிப் படம் எடுத்துப் பார்த்தார், ஏன்னு இப்பத்தான் தெரியுது. ஒண்ணுமே இல்ல.”

“பிறகு யாரு சொல்லியிருப்பா?”

“டேனிதான்.” டேனி இவன் எறிகிற பந்தைப் பிடிக்கிறவன், அறைத் தோழன், ஒன்பது வயதிலிருந்து எங்கள் வீட்டில் தோசை தின்று வளர்ந்த பிள்ளை. “நான் ஐஸ் கட்டுறது அவனுக்குத்தான் தெரியும். எல்லாரும்தான் கட்டுவாங்க, ஆட்டம் முடிஞ்சா அது வழக்கம். அதை வலின்னு போய்ச் சொல்லியிருக்கான். அவனும் இந்த வருசம் லிஸ்ட்ல இருக்கான்லா.”

மேற்கொண்டு அவன் பேசியது இங்கிலீசில். கோபம் வந்தால் அவனுக்குத் தமிழ் நின்றுவிடும். டேனியோடு சண்டை போட்டிருக்கிறான், அறையை மாற்றிக்கொண்டுவிட்டான் என்பது மட்டும் விளங்கியது. நான் அடுப்படியில் தோசைக்கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கல்லில் தோசை கருகுகிற வாடை வந்தும் திருப்பிப் போடத் தோன்றவில்லை.

அவன் போன பிறகு என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“ஏளா, பதினாறு வருசமா இந்த ஊர்ல நீ வாயே திறந்ததில்லயே. கடையில பாக்கிச் சில்லறை குறைஞ்சாக்கூட கேக்க மாட்ட. திறந்தது இதுக்குத்தானா?”

“கண்ணு பட்டுரும்னு பயந்துட்டேன்.”

“கண்ணு படல. உன் வாய்தான் பட்டிருக்கு.”

நான் அழுதேன். அவர் பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். முத்துக்குமார் அவருக்கும் பிள்ளைதான்.

“நீங்க அவருக்குப் போன் பண்ணிச் சொல்லுங்க” என்றேன். “டாக்டர் எடுத்த படத்தையும் அனுப்பிரலாம்.”

“நான் சொன்னா எடுபடாது. தகப்பன் பிள்ளையை நல்லாருக்கான்னுதான் சொல்லுவான். வித்துட்டுப் போக வந்தவன் மாட்டக் குறை சொல்லுவானா? டாக்டர் கல்லூரி டாக்டர், அவரும் கல்லூரிப் பக்கம்தான் பேசுவார்னு நினைப்பான். அவன் நம்புனது உன்னையத்தான். நீதான் சொல்லணும்.”

“எப்படிச் சொல்ல?”

“வலி இல்லன்னு சொல்லு. பிள்ளை நல்லா இருக்கான்னு சொல்லு.”

அதை அவர் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்.

6

மே மாதம் வந்த கடைசி ஆட்டத்துக்குத் தொப்பிக்காரர் வந்திருந்தார். எங்கள் பையனைப் பார்க்க இல்லை, எதிர்க் கல்லூரியில் எறிகிற ஒருவனைப் பார்க்க. வலைக்குப் பின்னால், அவர்கள் கூட்டமாக உட்காரும் இடத்தில் இருந்தார். ஆறேழு ஆண்பிள்ளைகள், எல்லோர் கையிலும் அந்தத் துப்பாக்கி. நான் அந்தப் பக்கம் ஒருநாளும் போனதில்லை. என் வீட்டுக்காரர் கூட வருகிறேன் என்றார். வேண்டாம், நீங்கள் வந்தால் நீங்கள் பேசிவிடுவீர்கள் என்றேன்.

படியிறங்கிப் போனேன். சேலை காலில் தட்டியது. அவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தொப்பிக்காரர் எழுந்து நின்றார். மண்மேட்டில் சங்கர் எறிந்துகொண்டிருந்தான். அவனும் எங்களைப் பார்த்தான் என்று எனக்குத் தெரியும். அந்தப் பந்து ரொம்ப மேலே போனது.

“எத்தனை, அம்மா?” என்றார் அவர்.

“இன்றைக்கு எண்ணவில்லை” என்றேன். நான் எண்ணாமல் வந்த ஆட்டம் அது ஒன்றுதான். பிறகு வரும் வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததைச் சொன்னேன். அவனுக்குக் கை வலி இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை. அன்றைக்கு நான் சொன்னது பொய்.

அவர் முகம் மாறியது. பொய் சொல்லுகிற ஆள் என்று என்னை அவர் நினைத்திருக்கவில்லை. ஏன் என்று கேட்டார்.

அதற்கு நான் மனப்பாடம் செய்துகொண்டு வரவில்லை. ஆற்றங்கரை என்றேன். முதல் பிள்ளை என்றேன். ஒருவர் நல்ல பிள்ளை என்று சொன்னார், நான் ஆமா என்றேன், மூன்று நாளில் போய்விட்டான் என்றேன். விரலை நீட்டி மூன்று காட்டினேன். வார்த்தைகள் முன்னும் பின்னுமாக வந்தன. பக்கத்தில் இருந்தவர்கள் துப்பாக்கியைத் தாழ்த்திவிட்டு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். தலை முழுக்க வழுக்கை என்று அன்றுதான் பார்த்தேன்.

அவர் ஒன்று சொன்னார். இந்த ஆட்டத்தில் எறிகிறவன் ஒருவன் எதிரிக்கு ஒரு அடிகூடக் கொடுக்காமல் எறிந்துகொண்டே போனால், அவன் குழுவில் ஒருவரும் அதைப் பற்றி வாயைத் திறக்க மாட்டார்களாம். அவன் பக்கத்தில் போய் உட்காரக்கூட மாட்டார்களாம். சொல்லிவிட்டால் அடுத்த பந்திலேயே அடி விழும் என்று பயமாம். நானும் அப்படி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன்தான் அம்மா, முப்பது வருடத்துக்கு முன்னால், என்றார்.

பிறகு மண்மேட்டைக் காட்டினார். “ஆனால் என் வேலை இப்போது அதைச் சொல்லுவது. அவன் கை நல்ல கை. இல்லையா?”

அவர் காத்திருந்தார். என்னிடம் வேறு ஒன்றும் கேட்கவில்லை.

மைதானத்தில் அவன் காலைத் தூக்கி ஊன்றினான். உடம்பு கீழிருந்து எழும்பியது.

“ஆமா” என்றேன். தமிழில்தான் வந்தது. அவருக்கு விளங்கியது.

அன்று திரும்பும்போது காரில் நானே சங்கரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவனுக்கு ஒரு அண்ணன் இருந்து செத்துப்போனான் என்பது தெரியும். குறுக்குத்துறைப் படியும் நான் சொன்ன ஆமாவும் அதுவரை தெரியாது. கேட்டுக்கொண்டே வண்டியை ஓட்டினான். என் மேல் கோபம் என்று சொல்லவில்லை. “டேனி மூக்குல குத்திட்டேம்மா” என்றான். எங்களை இறக்கிவிட்டுவிட்டு உள்ளே வராமல் அப்படியே டேனியைத் தேடிப் போனான். அதற்குப் பிறகு வீட்டுக்கு வரவில்லை. போன் பண்ணினால் அப்பாவோடு பேசுவான், வைத்துவிடுவான்.

7

ஜூன் முதல் வாரம் திருநெல்வேலியில் என் கொழுந்தனார் மகள் கல்யாணம். டிக்கெட் எப்போதோ எடுத்தாயிற்று. பிள்ளைகளை எடுக்கும் நாட்களும் அதே வாரம்தான். இங்கேயே இருக்கிறேன் என்று நான் சொன்னதை யாரும் கேட்கவில்லை. டவுணில் கொழுந்தனார் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். கூடத்தில் போன் இருந்தது. நான் அதைச் சுற்றியே நடமாடினேன். முதல் நாள் போன் வரவில்லை. முதல் பத்துச் சுற்று முடிந்திருக்கும் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். அதற்கு மேல் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை எட்டு மணி இருக்கும். பெண்டுகள் எல்லாம் கூடத்தில் உட்கார்ந்து வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தோம். போன் அடித்தது. என் வீட்டுக்காரர் எடுத்தார். கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு என்னை நோக்கி நீட்டினார். “உங்கிட்டதான் பேசணுமாம்.”

கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினேன்.

“அம்மா, எடுத்துட்டாங்க. பதினாலாவது சுற்று. தொப்பிக்காரர்தான்.”

போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

“அம்மா? இருக்கியா?”

“இருக்கேன். டேனி?”

“அவனையும் எடுத்துட்டாங்க. வேற குழு. இங்கனதான் இருக்கான், மூக்கு கோணிப் போய்.” பின்னால் யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது. “அம்மா, ஒண்ணே ஒண்ணு. அங்கன யாராவது கேட்டா, கை வலிக்குன்னு சொல்லிராத.”

அவன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். மூன்று வாரத்துக்குப் பிறகு என்னிடம் பேசிய பேச்சு.

நான் அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருந்தால் பத்துக்குள் வந்திருப்பானா, அது எனக்குத் தெரியாது. இன்றுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நான் போனை வைத்தபோது என் வீட்டுக்காரர் எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருந்தார். எத்தனை ஆயிரம் பையன்கள், எத்தனை சுற்று என்று. கொழுந்தன் மனைவி சிவகாமி அரிவாள்மணையைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

“யக்கா, உங்க மவன் பெரிய ஆளாயிட்டான்லா! நீங்க ஒண்ணுமே சொன்னதில்லயே. நல்லா எறிவானோ?”

அத்தனை பெண்டுகளும் என்னைப் பார்த்தார்கள். பதினைந்து பேர் இருக்கும். எல்லாம் எங்கள் ஊர்க் கண்கள்.

“ஆமா” என்றேன். “நல்லா எறிவான்.”

தொப்பிக்காரரிடம் சொன்னது நான் செய்த கேட்டைச் சரிசெய்ய. இது சும்மா, கேட்டதற்காகச் சொன்னது. நேரே உள்ளே போய் ஒரு கை கல்லுப்பும் ஏழு வற்றல் மிளகாயும் எடுத்துக்கொண்டு வந்தேன். பிள்ளை இருக்கிற இடமோ ஏழு கடலுக்கு அப்பால். போட்டோகூடக் கையில் இல்லை. போனைச் சுற்றி மூன்று தடவை வலம் சுற்றினேன்.

“யக்கா, போனுக்கா சுத்துதிய?”

“அவன் குரல் இதுலதான வந்துச்சு.”

சிவகாமி சிரிக்க ஆரம்பித்தாள். என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். நான் நிற்காமல் பின்வாசலுக்குப் போனேன். கல்யாணச் சமையலுக்குக் கோட்டை அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. கையிலிருந்ததை அதில் போட்டேன். கண் பட்டிருந்தால் மிளகாய் நெடி வராது, சத்தமில்லாமல் கருகிப் போகும். முத்துக்குமாருக்கு அந்தச் சாயங்காலம் சுற்றிப் போட்டபோது நெடியே வரவில்லை. அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

உப்பு வெடித்தது. பிறகு கிளம்பியது ஒரு நெடி.

“ஏ, யாரு தாயி அடுப்புல மிளகாயக் கொட்டுனது? பாயசத்துல ஏறிரும்லா!” என்று சமையல்காரர் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினார். பின்வாசல் முழுக்க இருமல். அது கூடத்துக்குப் போய், வாழைக்காய் சீவுகிறவர்களைப் பிடித்து, பந்தலில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தவர்கள் வரைக்கும் போனது. யார் யாரோ என்னை வைதார்கள். நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்ளவில்லை. அங்கேயே நின்று, கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்ட, ஆசை தீர இருமினேன்.